புளிச்ச மாவும் இருபதாயிரம் லிட்டரும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. கடையைத் தூசி தட்டித் திறக்கும்போதே ஒரு சுயபுராணத்தோடதான் திறக்கிறேன். கொஞ்சம் நீளம். நடுவுல கெமிஸ்ட்ரியும் வரும். பயந்துராதீங்க மக்கா, கடைசியில பரீட்சை எல்லாம் கிடையாது :-)

போன சீசன்ல அம்மாவைத் தென்காசியில ஒரு ஆஸ்பத்திரியில சேர்க்க வேண்டியதாப் போச்சு. ரெண்டு நாளா வயித்துப்போக்கு, வாந்தி. "ஒண்ணுமில்லய்யா, மோர் குடிச்சாச் சரியாப் போகும்"னு சொல்லிக்கிட்டே இருந்தவங்க, மூணாம் நாள் காலையில எந்திரிக்க முடியாமக் கட்டில்லயே கிடந்தாங்க. கூட்டிட்டுப் போனதும் டாக்டர் கையில ஊசியைக் குத்தி பாட்டிலை மாட்டச் சொல்லிட்டார். வெளிய சாரல் அடிச்சுக்கிட்டு இருந்தது. ஜன்னல் வழியா பார்த்தா குத்தாலம் மலை முழுக்க மேகம்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். எதைக் கண்டாலும் லேபிளைப் படிப்பேன். பிஸ்கட் பாக்கெட், ஷாம்பு, கொசுவத்தி எதுவும் தப்பாது. அன்னைக்கும் தலைக்கு மேல தொங்கின பாட்டிலைப் படிச்சேன். 'காம்பவுண்ட் சோடியம் லாக்டேட் இன்ஜெக்‌ஷன்'. 100 மில்லிக்கு சோடியம் லாக்டேட் 0.32 கிராம்.

"அது ஆர்.எல். சார், சாதா குளுக்கோஸ் மாதிரிதான்" அப்படின்னாங்க சிஸ்டர்.

ஆர்.எல்.னா ரிங்கர்ஸ் லாக்டேட். சிட்னி ரிங்கர்ங்கிற பிரிட்டிஷ்காரர் 1880கள்ல உப்புக் கரைசல் ஒண்ணு தயாரிச்சார். 1930கள்ல அலெக்சிஸ் ஹார்ட்மேன்ங்கிற அமெரிக்கக் குழந்தை டாக்டர் அதுல லாக்டேட்டைச் சேர்த்தார். வயித்துப்போக்குல வத்திப்போய் வர்ற குழந்தைகளுக்கு ரத்தத்துல அமிலம் ஏறிடும். லாக்டேட் உள்ள போனா ஈரல் அதை பைகார்பனேட்டா மாத்தி அமிலத்தைச் சரி பண்ணிடும். புளிப்புல இருந்து வந்த ஒரு பொருள் உடம்போட புளிப்பை எடுக்குது. வேடிக்கைதான்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? 20 வருசத்துக்கு முன்னாடி இந்தச் சரக்கைத் தயாரிக்கிற ஒரு ஃபேக்டரியிலதான் நான் ஷிஃப்ட் கெமிஸ்ட். வடக்கே ஒரு மாநிலம். ஊர், பேரெல்லாம் வேண்டாம். அங்க நடந்த ஒரு விஷயத்தை இத்தனை வருசமா யார்கிட்டயும் சொன்னதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவே.

அதுக்கு முன்னாடி எங்க வீட்டு மாவுப் பானையைப் பத்திச் சொல்லணும்.

எண்பதுகள்ல சீசன் வந்தா, ஐந்தருவிக்குப் போற ரோட்டுல ஒரு ஓலைக் கொட்டகை போட்டு அம்மா இட்லிக் கடை நடத்துவாங்க. ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும். ராத்திரி பன்னெண்டு மணிக்குக் குளிச்சுட்டு நடுங்கிக்கிட்டே வர்ற கூட்டமும் இட்லி கேக்கும், காலையில நாலு மணிக்கு வேன்ல வந்து இறங்குற கூட்டமும் கேக்கும். ஆட்டுரல்ல மாவு ஆட்ட ஒரு அக்கா இருந்தாங்க.

சாரல் நேரத்துல மாவு லேசுல பொங்காது. மத்த ஊர்ல ராத்திரி ஆட்டி வச்சா காலையில பொங்கி வழியும். குத்தாலத்துக் குளிர்ல அது பாட்டுக்குத் தேமேன்னு கிடக்கும். ஆச்சி இருந்தவரைக்கும் பானையைச் சாக்கு சுத்தி அடுப்புப் பக்கத்துல வைப்பாங்க. பழைய மாவுல ஒரு கரண்டி எடுத்துப் புதுசுல கலப்பாங்க. "உறை ஊத்துற மாதிரிதாம்ல இதுவும்"பாங்க.

பின்னாடி காலேஜ்ல படிக்கும்போதுதான் ஆச்சி செஞ்சதுக்கு என்ன பேருன்னு தெரிஞ்சுது. இட்லி மாவைப் பொங்க வைக்கிறது ஈஸ்ட் இல்லை. உளுந்துலயும் அரிசியிலயும் ஒட்டிக்கிட்டு வர்ற பாக்டீரியாதான். 1965ல அமெரிக்காவுல முகர்ஜி, ஸ்டைன்கிராஸ் உள்ளிட்டவங்க இதை ஆராய்ஞ்சு, மாவு பொங்குறதுக்கு முக்கியமான ஆள் லூக்கோநாஸ்டாக் மெசன்டிராய்டிஸ்னு எழுதினாங்க. அது சர்க்கரையைத் தின்னுட்டு லாக்டிக் அமிலத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளிய விடும். அமிலம்தான் புளிப்பு. வாயுதான் இட்லியோட பஞ்சு.

இப்ப ஃபேக்டரிக்கு வருவோம். அங்கயும் இதே சமாச்சாரம்தான். பானை மட்டும் பெருசு, 20,000 லிட்டர்! :-)

ஆனா நம்ம இட்லி ஹீரோவுக்கு அங்க வேலை இல்லை. பாதிச் சர்க்கரையை வாயுவாவும் ஆல்கஹாலாவும் வீணாக்குறவனை முதலாளி எப்படி வச்சுக்குவார்? தின்ன சர்க்கரையை எல்லாம் லாக்டிக் அமிலமா மாத்துற லாக்டோபேசிலஸ் வகையறாதான் அங்க வேலைக்கு வேணும். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை ரெண்டா உடைச்சா ரெண்டு லாக்டிக் அமிலம். கணக்குப்படி நூறு கிலோ சர்க்கரைக்கு நூறு கிலோ அமிலம். நடைமுறையில தொண்ணூறுக்கு மேல வந்துட்டா சந்தோஷம்.

1780ல ஷீலேங்கிற ஸ்வீடன்காரர் புளிச்ச பால்ல இருந்துதான் இந்த அமிலத்தை முதல்ல பிரிச்செடுத்தார். இது நுண்ணுயிர் பார்க்கிற வேலைன்னு 1857ல சொன்னவர் பாஸ்டர். 1881ல அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்து லிட்டில்டன்ல சார்லஸ் ஏவரிங்கிறவர் இதைத் தொழிலா ஆரம்பிச்சார். எதுக்குன்னு நினைக்கிறீங்க? ரொட்டி மாவைப் பொங்க வைக்கிற பேக்கிங் பவுடருக்கு! அது அவ்வளவா ஓடலை. அப்புறம் தோல் பதனிடுறவங்க வாங்கினாங்க, துணிக்குச் சாயம் ஏத்துறவங்க வாங்கினாங்க. ஊறுகாய், மிட்டாய், மருந்து, முகத்துக்குப் பூசுற கிரீம்னு இன்னைக்கு இது போகாத இடமில்லை. கெமிக்கல் முறையிலயும் தயாரிக்கலாம். ஆனா அதுல எல், டின்னு ரெண்டு வகையும் பாதிப்பாதி கலந்து வரும். நம்ம உடம்புல இருக்கிறது எல் வகை. தோதான பாக்டீரியாவைப் பிடிச்சா அதை மட்டும் தனியா தரும்.

இந்தத் தொழில்ல பெரிய தலைவலி என்னன்னா, பாக்டீரியா தான் விட்ட அமிலத்துலயே தான் மாட்டிக்கும். தொட்டியில புளிப்பு ஏற ஏற அதால வேலை செய்ய முடியாது. பாதிச் சர்க்கரை மிச்சம் இருக்கும்போதே நின்னுடும். இட்லி மாவு ஒரு அளவுக்கு மேல புளிக்காததுக்கும் இதுதான் ஒரு காரணம். அதனால ஃபேக்டரியில சுண்ணாம்புப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கிட்டே இருக்கணும். பி.எச். அஞ்சரைக்கும் ஆறுக்கும் நடுவுல நிக்கணும். சூடு 45 டிகிரி. இப்படி மூணு நாலு நாள்.

சுண்ணாம்பும் அமிலமும் சேர்ந்து கால்சியம் லாக்டேட் ஆகும். அதை வடிகட்டி, சல்ஃப்யூரிக் அமிலம் ஊத்தினா, கால்சியம் ஜிப்சமா அடியில உக்காந்துடும், லாக்டிக் அமிலம் விடுபடும். ஒரு டன் அமிலத்துக்கு ஏறத்தாழ ஒரு டன் ஜிப்சம். ஃபேக்டரிக்குப் பின்னாடி வெள்ளை வெளேர்னு மலை மாதிரி குவிஞ்சு கிடக்கும். ராத்திரி ஷிஃப்ட்ல அதைப் பார்த்தா எனக்குக் குத்தாலம் மலை ஞாபகம் வரும். சாரல் மட்டும் இருக்காது.

அங்க சுண்ணாம்பு கரைக்கிற வேலைக்கு ஒரு பீகார்க்காரர் இருந்தார். காண்ட்ராக்ட் லேபர். என்னைவிடப் பத்து வயசாவது மூப்பு. நான் அவரை 'பையா'ன்னு கூப்பிடுவேன், அவர் என்னை 'சாப்'பார். எனக்கு அப்ப ஹிந்தி அரைகுறை. தப்பாப் பேசினா சிரிக்காம, மெதுவாத் திருத்திச் சொல்லிக் கொடுப்பார். கையெல்லாம் சுண்ணாம்பு பட்டு வெடிச்சுப் போயிருக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு ரொட்டியும் பச்சை மிளகாயும் கொண்டு வருவார். பாதியை எனக்கு எடுத்து வைப்பார்.

ஒரு ராத்திரி. தொட்டியில ரெண்டாம் நாள். சுண்ணாம்பு வர்ற குழாய் அடைச்சுக்கிச்சு. சுண்ணாம்புக் குழாய் அடைக்கிறது சகஜம். அதுக்காகத்தான் மணிக்கு ஒரு தடவை சாம்பிள் எடுத்து, கையில இருக்கிற மீட்டர்ல பி.எச். பார்த்து லாக் புக்ல எழுதணும்னு சட்டமே. மீட்டரும் நம்மளும் இருக்கும்போது என்ன ஆயிடப் போகுது? எனக்குத் தூக்கம். கண்ட்ரோல் ரூம்ல தொட்டி மீட்டரோட முள் அசையாம 5.8ல நின்னுச்சு. அதைப் பார்த்து ஒரு மணிக்கு 5.8, ரெண்டு மணிக்கு 5.8, மூணு மணிக்கு 5.8னு எழுதிட்டேன். முள்ளு நின்னது தொட்டி நல்லா இருந்ததால இல்லை. மீட்டர் மண்டையைப் போட்டுட்டதால.

அஞ்சரை மணிக்கு எந்திரிச்சு சாம்பிள் எடுத்தா 4.2.

அந்த நேரத்துல நான் செஞ்சிருக்க வேண்டியது, சூப்பர்வைசருக்கு போன் போட்டு எழுப்பி, குழாயைச் சரி பண்ணி, சுண்ணாம்பை மெள்ள மெள்ள விடுறதுதான். பேட்ச் தப்பிச்சிருக்கும். ஆனா ஏழு மணிக்கு அடுத்த ஷிஃப்ட் வந்துரும். அதுக்குள்ள மறைச்சுடணும்னுதான் புத்தி போச்சு. பையாகிட்ட, "மேன்ஹோலைத் திறந்து ஆறு மூட்டையைக் கொட்டுங்க"ன்னேன். மூட்டைக்கு 25 கிலோ.

அவர் ஒரு நிமிசம் தயங்கினார். "சாப், அப்படியே கொட்டலாமா?"ன்னு கேட்டார். "கொட்டுங்க பையா, நான் சொல்றேன்ல"ன்னேன். கொட்டினார்.

பின்னாடி உக்காந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூணு மூட்டைக்கு மேல தேவையே இல்லை. பி.எச். பன்னெண்டுகிட்டப் போயிடுச்சு. உள்ள இருந்த பாக்டீரியா அவ்வளவும் செத்துப் போச்சு. அடுத்த ரெண்டு நாள் அமிலத்தை ஊத்தி, புதுசா பாக்டீரியா விட்டு என்னென்னவோ பண்ணிப் பார்த்தாங்க. விதை மாதிரி உறங்கிக்கிட்டு எதையும் தாங்குற பாக்டீரியா சில உண்டு. அதுல ஏதோ ஒண்ணு முந்திக்கிச்சு. மூணாம் நாள் தொட்டியைத் திறந்தா ஊசிப்போன வெண்ணெய் நாத்தம். 20,000 லிட்டரும் கழிவுநீர்த் தொட்டிக்குப் போச்சு. அதுல சர்க்கரை மட்டும் ரெண்டு டன்னுக்கு மேல.

விசாரணை வச்சாங்க. மேனேஜர் கேட்டது ஒரே கேள்வி. "சுண்ணாம்பைக் கொட்டினது யாரு?"

நான் பையா பேரைச் சொன்னேன். பொய் இல்லை பாருங்க! அவர்தானே கொட்டினார். கொட்டச் சொன்னது யாருன்னு அவங்க கேக்கலை, நானும் சொல்லலை. லாக் புக்ல நேரம் தவறாம 5.8 இருந்ததால என்னை யாரும் சந்தேகப்படலை. பையா சுவர் ஓரமா நின்னு என் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தார். ஒரு வார்த்தை சொல்லலை. சொல்லியிருந்தாலும் யார் நம்பியிருப்பா? அடுத்த நாள் அவரோட கேட் பாஸை வாங்கிக்கிட்டாங்க. அந்த மாசக் கூலியாவது கொடுத்தாங்களான்னு கூட எனக்குத் தெரியாது. நான் கேக்கவே இல்லை.

ஆறு மாசம் கழிச்சு வேலையை விட்டுட்டு ஊருக்கு வந்துட்டேன். "அந்த ஊர் சாப்பாடு ஒத்துக்கலை"ன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டேன்.

அம்மாவோட கடையில நடந்தது ஒண்ணு எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும். நான் ஏழாவதோ எட்டாவதோ படிச்சுக்கிட்டு இருந்தேன். நல்ல மழை. மாவு ஆட்டுற அக்கா பானையை அடுப்புப் பக்கத்துல வைக்காம மறந்து பின்கட்டுலயே விட்டுட்டாங்க. காலையில இட்லி ஒவ்வொண்ணும் கூழாங்கல். மதுரையில இருந்து வேன்ல வந்த ஒரு கூட்டம் தட்டைத் தள்ளி வச்சுட்டு சத்தம் போட ஆரம்பிச்சுட்டாங்க. அம்மா கரண்டியோட வெளிய வந்தாங்க. "மழைன்னு தெரிஞ்சும் ராத்திரி நான் பானையைப் பாக்கலை. என் தப்புதான். காசு வேண்டாம், அஞ்சு நிமிசம் இருங்க, உப்புமா கிண்டித் தாரேன்"ன்னாங்க. அக்கா உள்ள நின்னு அழுதுக்கிட்டு இருந்தாங்க. அதுக்கப்புறமும் கடையை மூடுற வரைக்கும் அவங்கதான் மாவு ஆட்டினாங்க.

சரி, ஆஸ்பத்திரிக்கு வருவோம். ரெண்டாவது பாட்டில் ஏறும்போது ராத்திரி பத்து மணி இருக்கும். அம்மாவுக்குக் கண்ணுல கொஞ்சம் தெளிச்சி வந்துருச்சு. நான் பாட்டிலையே பார்த்துக்கிட்டு இருக்கிறதைப் பார்த்துட்டு, "என்னய்யா அதையே பாக்க?"ன்னாங்க.

"இதுல இருக்கிற சரக்கைத்தாம்மா நான் அந்த ஃபேக்டரியில செஞ்சேன்."

"நம்ம மாவுல புளிக்குமே, அதா?"

"அதேதான்."

"பரவால்லயே, மாவை எல்லாம் ஊசியில ஏத்துதானுவளா" அப்படின்னு சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு என்னமோ ஆயிடுச்சு. எல்லாத்தையும் சொல்லிட்டேன். 5.8, ஆறு மூட்டை, மேனேஜர் கேள்வி, எல்லாம்.

அம்மா குறுக்கே பேசாமக் கேட்டாங்க. திட்டுவாங்கன்னு எதிர்பார்த்தேன். இல்ல, "சின்ன வயசு, விடுய்யா"ன்னு சொல்லுவாங்கன்னு உள்ளுக்குள்ள ஒரு ஆசை. ரெண்டும் நடக்கலை.

"அவனுக்குப் பிள்ளைங்க உண்டா?"

"ரெண்டுன்னு சொல்லுவார்."

ரொம்ப நேரம் பாட்டில் சொட்டுறதையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் கேட்டாங்க.

"அவன் பேரு என்னய்யா?"

விசாரணையில நான் சொன்ன பேரு. வாய் வரைக்கும் வந்திருக்கணும். வரலை. மூணு வருசம் கூட வேலை பார்த்தவர், பாதி ரொட்டியை எனக்கு எடுத்து வச்சவர். தினமும் பையா, பையான்னே கூப்பிட்டுட்டு, அவரைக் காட்டிக் கொடுக்க மட்டும் ஒரே ஒரு தடவை பேரைச் சொல்லியிருக்கேன். அதையும் மறந்துட்டேன்.

அம்மா வேற எதுவும் கேக்கலை. திரும்பிப் படுத்துக்கிட்டாங்க.

மறுவாரம் அந்தக் காலத்து நண்பன் ஒருத்தனைத் தேடிப் பிடிச்சு போன் பண்ணினேன். "காண்ட்ராக்டரே மூணு தடவை மாறியாச்சு, அந்த ரிஜிஸ்டரெல்லாம் யாருகிட்ட இருக்கும்?"னான். அதுக்கப்புறம் என்ன செய்யன்னு எனக்குத் தெரியலை.

இப்ப இந்தத் தொழில் எங்கயோ போயிடுச்சு. லாக்டிக் அமிலத்தைக் கோத்துக் கோத்து பி.எல்.ஏ.ங்கிற பிளாஸ்டிக் பண்றாங்க. அமெரிக்காவுல நெப்ராஸ்கா மாநிலத்து பிளேர்ல 2002லயே மக்காச்சோளத்துல இருந்து செய்ற பெரிய ஆலை வந்துடுச்சு. நம்ம ஊர்லயும் கரும்புச் சர்க்கரையில இருந்து செய்ய உத்தரப் பிரதேசத்துல ஆலை போடப் போறதா பல்ராம்பூர் சீனி ஆலை 2024ல அறிவிச்சுது. தமிழ்நாட்டுல ஒரு தடவை மட்டும் பயன்படுத்துற பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1ல இருந்து தடை இருக்கிறதால, 'மக்கும் டம்ளர்'னு சொல்லிட்டு விக்கிறவங்க நிறைய. ஒண்ணு சொல்லிடுறேன். நிஜமாவே பி.எல்.ஏ.வா இருந்தாலும், அது சீக்கிரம் மக்க 60 டிகிரிகிட்ட சூடுள்ள உரக்கிடங்கு வேணும். குத்தாலத்துல குடிச்சுட்டு சிற்றாத்துல வீசினா அது பாட்டுக்கு மிதந்து சீவலப்பேரி வரைக்கும் போகும். குளிர்ல மாவே பொங்காத ஊருய்யா இது, டம்ளர் எப்படி மக்கும்? தயவுசெஞ்சு குப்பைத்தொட்டியில போடுங்க.

அம்மா நாலாம் நாள் வீட்டுக்கு வந்துட்டாங்க. இப்ப நல்லா இருக்காங்க. வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "உளுந்து ஊறப் போட்டியா?" :-)

அன்னைக்கு ராத்திரி நான்தான் கிரைண்டர்ல மாவு ஆட்டினேன். பானையைத் துணி சுத்தி அடுப்பு மேடையில வச்சேன். நடுராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்து, மூடியைத் திறந்து பார்த்துட்டு வந்து படுத்தேன். மறுபடி நாலு மணிக்கும் பார்த்தேன்.

பீகார் பக்கம் நண்பர்கள் யாருக்காவது, இருபது வருசத்துக்கு முன்னாடி சுண்ணாம்பு கரைக்கிற வேலையில இருந்து கேட் பாஸைப் பிடுங்கி அனுப்பப்பட்ட ஒருத்தரைத் தெரிஞ்சிருக்கப் போறதில்லை. அது எனக்கும் தெரியும். இருந்தாலும் எங்கயாவது எழுதி வைக்கணும்னு தோணிச்சு. சுண்ணாம்பைக் கொட்டச் சொன்னது நான்தான். 5.8னு எழுதினதும் நான்தான்.

பின்னூட்டத்துல திட்டணும்னா தாராளமாத் திட்டுங்க. "விடுங்க பாஸ், எல்லாரும் செய்றதுதான்"னு மட்டும் யாரும் எழுதிடாதீங்க.